வெளியே உட்கார்ந்தவர்கள்

இந்த முறை சட்டசபைக்குள் உட்கார்ந்த நாட்களைவிட அதன் வாசலில், நடுரோட்டில் உட்கார்ந்த நாட்கள்தான் கண்டக்டரம்மாவுக்கு அதிகம். ஆரம்பத்தில் இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். "ஜனங்க ஓட்டுப் போட்டு உள்ள அனுப்புனாங்க. தலைவர் கையப் பிடிச்சு வெளிய உக்கார வச்சுட்டார். மொத்தத்துல எனக்கு நிக்கிற வேலை போச்சு" என்பாள். இருபது வருஷத்துக்கும் மேலாக ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே பிழைத்தவள் என்பதால் கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

டிப்போ சங்கத்தில் செயலாளராக இருந்து, அங்கிருந்து கட்சிக்குள் வந்து, சபை உறுப்பினரானவள் அவள். உறுப்பினரான பிறகும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கண்டக்டரம்மா என்றால் ஊருக்கே தெரியும். முதன்முறை அவள் சபைக்குள் நுழைந்தபோது ஆளுங்கட்சி வரிசையிலிருந்து யாரோ, "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று குரல் கொடுத்தார்கள். அவள் திரும்பி நின்று, "முதல்ல நீங்க டிக்கெட்டக் காட்டுங்க" என்றாள். சபையே சிரித்தது. சபாநாயகர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அது போன சபை. இந்தத் தேர்தலில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவளுடைய தொகுதியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குப்பெட்டிகளின் அரக்கு முத்திரை உடைந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். கேட்டதற்கு, "வெயில்ல உருகியிருக்கும்" என்றார் அதிகாரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பெட்டிகள் இருந்தது ஜன்னல் இல்லாத அறையில். அவள் தன் மண்ணில் எப்படியோ ஜெயித்துவிட்டாள். மற்ற பல இடங்களில் கட்சி மயிரிழையில் தோற்றது. தோற்ற இடங்களிலெல்லாம் இதே கதை. ஆளுங்கட்சி சொற்பப் பெரும்பான்மையோடு ஆட்சியைப் பிடித்துக்கொண்டது.

உறுப்பினர்கள் பதவியேற்ற மறுநாளே தலைவர் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்தார். "மறுதேர்தல் அறிவிக்கற வரைக்கும் இந்தப் படியேற மாட்டோம்" என்று சபையின் எதிரே பெரிய சாலையில் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கண்டக்டரம்மா முதல் வரிசையில், தலைவருக்கு நாலு ஆள் தள்ளி உட்கார்ந்தாள். அன்று அவளுக்கு இருந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. கண்ணால் பார்த்த அநியாயத்துக்குக் கடைசியில் ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதி.

அந்த முதல் வாரங்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நிறையும். சாலை முழுக்கத் தலைகள். காலேஜ் பிள்ளைகள், ஆபீஸ் முடிந்து நேராக வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த அம்மாக்கள். சாலையோரக் கடைக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சந்து முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் தன் கடையின் கழிவறையைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார். "உங்களுக்கில்லாத கழிவறையா? எத்தனை நாள் வேணாலும் உக்காருங்கம்மா" என்றார். எத்தனை நாள் என்று அவரும் யோசிக்கவில்லை, இவர்களும் யோசிக்கவில்லை.

ஒருநாள் போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு மாணவனுக்கு ஒரு கண் போய்விட்டது. அதற்குப் பிறகு எழுந்து போவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

மழை வந்தது, போனது. சாமியானா கிழிந்து, தார்ப்பாய் வந்தது. கீழே விரித்த ஜமக்காளங்கள் ஈரத்தில் ஊறி ஊறி ஒரு மாதிரி நாற ஆரம்பித்தன. புடவையிலும் அந்த நாற்றம் ஏறிக்கொண்டு வீட்டுக்கும் கூடவே வந்தது. கூட்டம் மெல்லக் கரைந்தது. இந்த வாரம் வடக்குப் பகுதிக்காரர்கள், அடுத்த வாரம் கிழக்குப் பகுதிக்காரர்கள் என்று முறை வைத்து ஆள் கொண்டுவர வேண்டியிருந்தது. மைக்கில் முழங்குகிறவருக்குத் தொண்டை கட்டிப்போய், பதிவு செய்த கோஷத்தையே ஓடவிட்டார்கள். சாலையைக் கடந்து போகிறவர்கள் இப்போது யாரையும் பார்ப்பதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாகப் போனார்கள். கண்ணாடிக் கடைக்காரர் முதலில் கழிவறைக்குப் பூட்டுப் போட்டார். பிறகு மற்றக் கடைக்காரர்களோடு சேர்ந்து சந்துக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. சாலை அடைபட்ட பிறகு யார் கண்ணாடி வாங்க அங்கே நடந்து வருவார்கள்?

உள்ளே சபை நடந்துகொண்டுதான் இருந்தது. ஓட்டெடுப்புக்கு முன்னால் உறுப்பினர்களை அழைக்க ஒரு மணி அடிப்பார்கள். வராந்தாவில், சாப்பாட்டுக் கூடத்தில், எங்கிருந்தாலும் கேட்கும், சாலைக்கும் கேட்கும். மணி நின்றதும் கதவை மூடிவிடுவார்கள். வெளியே உட்கார்ந்தவர்கள் மணி அடிக்கும்போதெல்லாம் இன்னும் பலமாகக் கோஷம் போட்டார்கள். உள்ளே எதிர்ப்பே இல்லாமல் ஒவ்வொரு மசோதாவாக நிறைவேறிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் அவளுடைய தம்பி பந்தலுக்கு வந்தான். அவன் பஸ் டிரைவர். அவள் வேலை பார்த்த அதே டிப்போ. காக்கிச் சட்டையோடு வந்து, செருப்பைக் கழற்றாமல் ஜமக்காளத்தின் ஓரத்தில் நின்றான்.

"உக்காருடா."

"வேணாம்க்கா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன். டிப்போவ மூடப் போறாங்க."

"யாருடா சொன்னா?"

"மேனேஜரே சொன்னார். பஸ்ஸெல்லாம் தனியார் கம்பெனிக்குக் குடுக்க மசோதா கொண்டு வர்றாங்களாம். நஷ்டமாம்."

"அவங்க புத்தி அதுதான். நஷ்டம்னு கதை கட்டுவாங்க. போன சபையிலயும் இதே பேச்சு எடுத்தாங்க, நாங்க எல்லாருமா சேர்ந்து தொரத்தி அடிச்சோம்..."

"கதை இல்லக்கா." தம்பி குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "நிஜமாவே நஷ்டம்தான். நம்ம வண்டியில பாதிக்கு மேல இந்த ரோட்டு வழியா போறதுதானே. ரோடு மூடுனதுலேருந்து வாய்க்கால் பக்கமா சுத்திப் போறோம். நாலு டிரிப் அடிச்ச எடத்துல ரெண்டுதான் அடிக்க முடியுது. ஸ்டாப்புல நிக்கிற ஜனம் எத்தன நாள் நிக்கும்? ஆளாளுக்குக் கடன வாங்கி ஸ்கூட்டர் வாங்கிட்டாங்க. நான் காலி வண்டிய ஓட்டிட்டுப் போறேன். கண்டக்டர் பையன் கடைசி சீட்டுல தூங்கறான்."

அவள் மூடிக் கிடந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ உக்காந்ததத் தப்புன்னு சொல்லலக்கா" என்றான் அவன். "ஆனா அவங்க கையில காரணத்த யாரு குடுத்தா?"

பக்கத்தில் இருந்த கட்சிக்காரி ஒருத்தி, "தம்பி, டீ குடிச்சிட்டுப் போப்பா" என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். சாலையின் அந்தப் பக்கம் போகும்வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள் கண்டக்டரம்மா. அம்மா செத்தபோது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அவனுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, டிப்போவில் சேர்த்துவிட்டவள் அவள்தான்.

அந்த வாரம் ஈரமோ, கவலையோ, அவளுக்குக் கடைவாய்ப் பல் குடைச்சல் எடுத்தது. கன்னம் வீங்கிவிட்டது. சாலைக்குப் பின்னால் இருந்த தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவரும் சபை உறுப்பினர்தான், ஆளுங்கட்சி. காலையில் பல் பிடுங்குவார், மதியத்துக்கு மேல் சபைக்குப் போவார். வேறு வழியில்லாமல் அவரிடமே போய் நின்றாள்.

"வாங்க, வாங்க. எதிர்க்கட்சிப் பல்லும் பல்லுதானே" என்று நாற்காலியைச் சாய்த்தார் அவர். ஊசி போட்டார். வாய் மரத்துப்போன பிறகு பஞ்சைத் திணித்தார். நர்சை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு கையில் கொறடை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"பேசாதீங்க, பஞ்சு நழுவிடும். கேட்டா மட்டும் போதும். இந்த பஸ் மசோதா எனக்குப் பிடிக்கல. என் தொகுதியில பாதிப் பேரு பஸ்ஸ நம்பித்தான் இருக்காங்க. என்னை மாதிரி எங்க பக்கம் இன்னும் சில பேரு இருக்கோம். உங்க ஆளுங்க மொத்தப் பேரும் உள்ள வந்து எதிர்த்து நின்னா, நாங்களும் எழுந்து நிப்போம். மசோதா விழுந்துடும். சத்தியமா விழுந்துடும்."

அவள் கண்ணை அகல விரித்தாள்.

"ஆனா நீங்க வரலன்னா நாங்க எழுந்திரிக்க மாட்டோம். தோக்கறதுக்காகத் தனியா எழுந்து நின்னு தலையக் குடுக்க நான் ஒண்ணும் வீரன் இல்ல. வாயத் தொறங்க."

அவர் பல்லைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்தார். அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு கிடந்தாள். கேட்பதற்கு நூறு கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்க முடியவில்லை. பல் வந்தது. அவர் அதைத் தட்டில் போட்டுவிட்டு, "உங்க தலைவர்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க" என்றார்.

வாயில் பஞ்சோடு பந்தலுக்கு வந்தவள், பேச்சு வந்ததும் முதல் வேலையாக மேடைக்குப் பின்னால் தலைவர் ஓய்வெடுக்கிற தடுப்புக்குள் போனாள். கட்சியின் கொறடாவும் இருந்தார். பல் டாக்டர் கையில் இருந்த கொறடு பல்லைப் பிடுங்கும், இந்தக் கொறடா உறுப்பினர்களை நகரவிடாமல் பிடிக்கிறவர். யார் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று சொல்வது அவர் வேலை.

"ஒரே ஒரு நாள் தலைவரே" என்றாள். மரத்த உதட்டில் வார்த்தை குழறியது. "ஒரே ஒரு ஓட்டு. போட்டுட்டு மறுபடியும் வெளிய வந்து உக்காந்துடலாம்."

கொறடா சிரித்தார். "என்னம்மா இது, இறங்கி ஏற டவுன் பஸ்ஸா?"

தலைவர் சிரிக்கவில்லை. அவர் ரொம்பவும் மெலிந்திருந்தார். ஜுரத்தில் இருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளை எதிரே உட்காரச் சொன்னார்.

"நீ சொல்றது எனக்குப் புரியாம இல்லம்மா" என்றார். "இந்த சபையே செல்லாதுன்னு நாம உக்காந்திருக்கோம். நாளைக்கு உள்ள போய்க் கை தூக்குனா, செல்லும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மறுதேர்தல் கேக்கறது? கண்ணு போன பையனோட அப்பா தெனமும் வந்து முன்னாடி உக்கார்றார். அவர்கிட்ட போய் நான் என்ன சொல்லட்டும்? பஸ்ஸுக்காக உள்ள போயிட்டு வந்தோம்னா?"

அவர் சொன்னதும் நியாயம். தம்பி சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஊசி மருந்து இறங்கி வலி ஏற ஏற அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாரும் உள்ள போகக் கூடாது" என்றார் கொறடா, அவள் எழுந்தபோது. "போனா கட்சியில இல்ல. உங்களுக்கு மட்டும் சொல்லல, எல்லாருக்கும்தான்."

மசோதா வந்த நாள் நல்ல வெயில். காலையிலிருந்தே அவள் முதல் வரிசையில் இருந்தாள். தலைவர் பேசினார். பதிவு செய்த கோஷம் ஓடியது. டிப்போக்காரர்கள் யாராவது வருவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள், ஒருத்தரும் வரவில்லை. அவர்கள் டிப்போ வாசலில் தனியாகக் கூடி நிற்பதாக யாரோ சொன்னார்கள்.

மத்தியானம் மணி அடித்தது.

கோஷம் எழும்பியது. அவளும் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எழுந்தாள். யோசித்து எழுந்தாள் என்று சொல்ல முடியாது. கால் எழுந்தது, அவளும் கூட எழுந்தாள்.

"எங்கம்மா?" என்றான் முன்னால் கயிறு பிடித்து நின்ற தொண்டன்.

"வழி விடுப்பா."

"முன் கேட்டுக்கு யாரையும் விடக் கூடாதும்மா. நம்ம வேலி தாண்டுனா அந்தப் பக்கம் அவங்க முள்கம்பி. நீங்களே போன கூட்டத்துல பேசுனீங்களே, ஒரு ஈ, காக்கா உள்ள போகக் கூடாதுன்னு."

பேசியவள் அவள்தான். திரும்பினாள். சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போகலாம். ஓட்டமும் நடையுமாகப் போனாள். சந்தில் கடைக்காரர்கள் போட்ட இரும்புக் கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்டாள். கண்ணாடிக் கடைக்காரர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"கேட்டத் தொறங்கண்ணே. சபைக்குப் போகணும். மணி அடிக்குது."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பதான் உள்ள போகணும்னு தோணிச்சா?" என்றார். வேண்டுமென்றே தாமதம் செய்தார் என்று சொல்ல முடியாது. அவருக்குச் சாவி எங்கே என்று மறந்துவிட்டது. மேசை இழுப்பறையில் தேடினார், சட்டைப் பையில் தேடினார், கடைசியில் கல்லாவுக்கு அடியில் கிடைத்தது. கேட்டைத் திறந்தபோது, "பாத்துப் போங்கம்மா, தரை வழுக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு அழுகை வந்தது.

பின்வாசலில் ஒரு இளம் போலீஸ்காரர் நின்றார். அவளுடைய அடையாள அட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது பழசும்மா. புதுசு குடுத்துட்டாங்க எல்லாருக்கும்."

"எனக்கு எப்படிக் குடுப்பாங்க? நான் வெளியில இருந்தேன்."

"அதத்தான்மா நானும் சொல்றேன்."

"என் மூஞ்சி தெரியலையா உனக்கு?"

"தெரியுது. டிவியில தெனம் பாக்கறேன். ஒரு நிமிஷம், மேல கேட்டுடறேன்." அவர் வயர்லெஸ்ஸில் கேட்டார். மேலே இருந்தவர் அதற்கு மேலே இருந்தவரிடம் கேட்டார். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அந்தக் கருவியில் கரகரத்தது. "விடுங்க, விடுங்க, தாராளமா விடுங்க" என்றது.

படியேறும்போது செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு ஓடினாள். வராந்தா திரும்பியபோது மணி நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் காதுக்குள் அடித்த சத்தம் நின்றதும் ஒரு கணம் அவளுக்குச் செவிடாகிவிட்ட மாதிரி இருந்தது. கதவு அவள் கண்ணெதிரே சாத்திக்கொண்டது. சபைக் காவலர் வெள்ளைக் கையுறை போட்ட கையைக் கைப்பிடியில் வைத்து நின்றார்.

"தொறங்கய்யா."

"மணி நின்னுடுச்சேம்மா."

"இப்பதானய்யா நின்னுது!"

"இப்ப நின்னாலும் நின்னதுதாம்மா. தொறந்தா என் வேலை போயிடும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "சௌக்கியமா இருக்கீங்களா? ரொம்ப நாளாச்சு பாத்து."

கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். எதிர்க்கட்சிப் பக்கத்து நாற்காலிகள் முழுக்க வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நீண்ட நாள் வெளியூர் போனவர்கள் செய்வதுபோல. எந்த வரிசையில் தன் இடம் என்றுகூடத் தெரியவில்லை. சபாநாயகரின் குரல் ஒலிபெருக்கியில் வராந்தாவிலும் கேட்டது. ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். எழுந்தார்கள். பல் டாக்டர் எழுந்திருக்கவில்லை. அவர் மெல்லத் தலையைத் திருப்பி, துணி மூடிய நாற்காலிகளைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையைத் தொட்டார். அவரும் எழுந்தார்.

எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர்.

கண்டக்டரம்மா நின்றுகொண்டுதான் இருந்தாள், கையில் செருப்போடு, கதவுக்கு இந்தப் பக்கம். உள்ளங்கையால் கதவைத் தட்டினாள். சபைக் காவலர் அவள் கையைப் பிடித்தார். முரட்டுத்தனமாகப் பிடிக்கவில்லை. "வேண்டாம்மா" என்றார். "வேண்டாம்மா, கேக்காது."

மசோதா ஒருமனதாக நிறைவேறியது என்று ஒலிபெருக்கி சொன்னது.

அவள் பந்தலுக்குத் திரும்பி வருவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. வராந்தாவில் யாரோ படம் பிடித்திருந்தார்கள். வெறுங்காலோடு அவள் ஓடுவது எல்லோருடைய போனிலும் ஓடியது. ஆளுங்கட்சிக்காரர்கள் அதைப் போட்டு, 'எதிர்க்கட்சி உறுப்பினரே சபையை ஏற்றுக்கொண்டு ஓடி வந்தார், பாவம், தாமதமாகிவிட்டது' என்று எழுதினார்கள். போலீஸ் தாராளமாக விட்டதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

முதல் வரிசையில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். கண் போன பையனின் அப்பா அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"உள்ள போனீங்களா, இல்லையா?" என்றார் கொறடா.

"போனேன். கதவ மூடிட்டாங்க."

"ஓட்டுப் போட்டீங்களா?"

"போட முடியல."

"அப்ப எதுக்கும்மா போனீங்க?" என்றார் அவர். அவருக்குக் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. சாயந்திரமே அவளைக் கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கியதாக மைக்கில் அறிவித்தார்கள். ஜமக்காளத்தின் மேல் கிடந்த தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். பஸ்ஸுக்காக நின்று பார்த்தாள், வரவில்லை.

தம்பி போன் செய்தான். அவனும் அந்தப் படத்தைப் பார்த்திருந்தான். அழுதானா, ஜலதோஷமா என்று தெரியாத குரலில், "ஓடுனியேக்கா" என்றான். "கொஞ்சம் முன்னாடி எழுந்திரிச்சிருக்கக் கூடாதா?" அவள் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள், "சரி விடு, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

டிப்போவைப் பூட்டினார்கள். கம்பெனிக்காரர்கள் புது பஸ் விட்டார்கள். ஆள் சேர்ந்த வழியில் மட்டும் விட்டார்கள். பழைய டிரைவர்களில் வயசு குறைந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். தம்பியை எடுக்கவில்லை. அவன் சரக்கு லாரிக்குப் போனான்.

பந்தல் அதற்குப் பிறகும் இருந்தது, எதற்கென்று அங்கே உட்கார்ந்தவர்களுக்கே மறந்துபோகிற வரைக்கும். தலைவரை ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சமயம் பார்த்து அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் அமைப்பதாகச் சொன்னது. மறுதேர்தல் இல்லை, கமிஷன். கட்சி அதை வெற்றி என்று சொல்லி எழுந்தது. பட்டாசு வெடித்தார்கள். சாலை திறந்த அன்றைக்குக் கடைக்காரர்கள் தண்ணீர் ஊற்றித் தார் ரோட்டைத் தேய்த்துக் கழுவினார்கள். கொஞ்ச நாளில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பழைய பஸ் வழிகளில் இருந்த பகுதி ஒவ்வொன்றிலும் கட்சி தோற்றது. இந்த முறை பெட்டியில் யாரும் கை வைக்கவில்லை. வைக்கத் தேவையே இருக்கவில்லை.

கமிஷன் அவளையும் கூப்பிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி, மரியாதையான மனிதர். பள்ளிக்கூடம், ஜன்னல் இல்லாத அறை, உடைந்த அரக்கு எல்லாவற்றையும் அவள் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இவ்வளவு முக்கியமான விஷயத்தை நீங்க சபையில எழுப்பலையே, ஏன்மா?" என்றார்.

அவள் விளக்க முயன்றாள். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. கமிஷனின் அறிக்கை வந்ததாகவும் சொன்னார்கள், வரவில்லை என்றும் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்து, "வாங்க அண்ணி" என்றாள். குரலில் குறையும் இல்லை, சிரிப்பும் இல்லை. தம்பி கூடத்தில், ஃபேனுக்குக் கீழே, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் தரையில் தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் முடி பின்வாங்கியிருந்தது. வலது கை மட்டும் முழங்கை வரைக்கும் லாரி ஜன்னல் வெயிலில் கருத்து, வேறு யாருடைய கையோ போலிருந்தது.

"காலையிலதான் வந்தார். சாயந்திரம் மறுபடி லோடு இருக்கு. எழுப்பட்டுமா அண்ணி?"

"வேணாம்மா. தூங்கட்டும்."

தம்பி மனைவி டீ போட்டுக் கொண்டுவந்தாள். கண்டக்டரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தாள். வந்த விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். கடைசியில், தூங்குகிறவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கட்சியில என்னை மறுபடி சேத்துக்கிட்டாங்க. கொறடாவே வீட்டுக்கு வந்து சொன்னார்."

"நல்லது அண்ணி."

"கம்பெனிக்காரன் டிக்கெட் விலைய ஏத்தப் போறான்ல. அத எதுத்து உக்காரப் போறாங்களாம். அதே எடத்துல. நான் முன்னாடி உக்காரணுமாம். பஸ் விஷயம்னா நான் இருந்தாத்தான் ஜனம் நம்புமாம்."

தம்பி மனைவி காலி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டாள். உடனே போகவில்லை.

"எத்தனை நாள் அண்ணி?"

"தெரியல."

"போறீங்களா?"

தம்பி தூக்கத்தில் புரண்டு படுத்தான். தம்பி மனைவி எழுந்துபோய், தெருச் சத்தம் அவனை எழுப்பிவிடாமல் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு சமையலறைக்குப் போய் டம்ளரைக் கழுவ ஆரம்பித்தாள்.